ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்கள்

நான்கு வாரத்துக்கு இருபத்தெட்டுக் கட்டங்கள். அவற்றில் நான்கு கட்டங்களில் நான் போட்ட குறி பொய்.

அந்தத் தாள் டாக்டர் கொடுத்தது. மேலே கிழமைகள். அதன் கீழே, காலை மாத்திரை கொடுத்தாயிற்றா என்பதற்கு ஒரு கட்டம். அதற்கும் கீழே தூக்கம், சாப்பாடு, அன்றைக்குக் கண்டது என்று மூன்று வரிகள். ஃப்ரிட்ஜ் கதவில் அதை ஒட்டி, பேனாவை நூலில் கட்டிக் கைப்பிடியில் தொங்கவிட்டதும் நான்தான்.

எங்கள் மகளுக்கு ஏழரை வயது. வீட்டில் பாப்பா. கட்டடத்தில் மற்றவர்களுக்குப் பம்பரம். அவள் ஓடுகிற சத்தம் மூன்று மாடிக்கும் கேட்கும். பள்ளிக்கூடத்தில் ஒரே மாதத்தில் பதினோரு ரப்பர்களைத் தொலைத்தாள். ஆசிரியை கேள்வியை முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிட்டு, சொன்ன கையோடு எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவாள். வரிசையில் நிற்கமாட்டாள். சாப்பாட்டு மேசையில் ஒரு வாய்க்கு ஒரு சுற்று.

"இவளுக்குச் சாப்பாடு போடுறதுக்குப் பதிலா பெட்ரோல் ஊத்தலாம்க்கா" என்பான் மச்சான். அவன் என் மனைவியின் தம்பி. அவனும் நானும் ஒரே கம்பெனியில், ஒரே வண்டியில் போய் லிஃப்ட் பழுது பார்க்கிறவர்கள். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. "ஊரையே தூக்கி விடுறீங்க, சொந்த வீட்டுக்கு நடந்து ஏறுறீங்களே மாமா" என்று அதற்கும் ஒரு கேலி வைத்திருப்பான்.

எனக்கு அந்தப் படிகள் பிடிக்கும். சாயங்காலம் ஆறு பத்துக்கு நான் இரண்டாவது மாடித் திருப்பத்தில் கால் வைக்கும்போதே மேலே எங்கள் வீட்டுக் கதவு படாரென்று திறக்கும். தாழ்வாரம் முழுக்கத் தடதடவென்று ஓடிவந்து, தலையால் என் வயிற்றில் ஒரு முட்டு முட்டுவாள். ஒரு தடவை என் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தில் இடித்து அவள் நெற்றி வீங்கிவிட்டது. அன்றிலிருந்து முதல் மாடியிலேயே சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். முட்டிய பிறகு நான்கு கேள்விகள். வரிசை மாறாது.

"எத்தனை லிஃப்ட்?"

"அஞ்சு."

"எந்த மாடியில நின்னுச்சு?"

"ஒண்ணு ஏழாவது மாடியில."

"உள்ள ஆளு இருந்தாங்களா?"

"ரெண்டு பேரு."

"அழுதாங்களா?"

"ஒருத்தர் மட்டும்."

அவ்வளவுதான். ஓடிவிடுவாள். ஆனால் அந்த முட்டுக்காகத்தான் நான் பகல் முழுக்க லிஃப்டுக்கு அடியிலுள்ள குழியிலும் மோட்டார் அறையிலும் எண்ணெய்க் கறையோடு கிடந்தேன் என்று சொன்னால் அது மிகையில்லை. காலையிலிருந்தே வயிற்றில் அந்த இடம் காத்துக்கொண்டிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் சொன்னதால், குழந்தை மனநல டாக்டர் ஒருவரிடம் போனோம். பச்சை மையில் எழுதுகிறவர். அதனால் பாப்பாவுக்கு அவர் பச்சை டாக்டர். மூன்று தடவை வரச்சொல்லிப் பாப்பாவோடு தரையில் உட்கார்ந்து விளையாடினார். எங்களுக்கு ஒரு கேள்வித்தாள், பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. கடைசியில் ஏடிஎச்டி என்றார். கவனம் ஓரிடத்தில் நிற்காது, உடம்பும் நிற்காது, அந்த வகை.

"அது மட்டுமான்னு இன்னும் எனக்குத் தெரியல. ஆட்டிசமும் இருக்கலாம்" என்றார்.

"ரெண்டும் வேற வேற இல்லையா டாக்டர்?" என்றாள் என் மனைவி.

"வேற வேறதான். ஆனா ஒரே பிள்ளைகிட்ட ரெண்டும் இருக்கலாம். ஒண்ணு பின்னாடி ஒண்ணு ஒளிஞ்சுக்கும். இப்போ, உங்க பொண்ணு வரிசையில நிக்க மாட்டேங்குறா. காத்திருக்க முடியாம ஓடுறாளா? இல்ல, பின்னாடி நிக்கிற பிள்ளையோட சட்டை உரசுறது தாங்காம ஓடுறாளா? பாக்கிறவங்களுக்கு ரெண்டும் ஒரே ஓட்டம்தான். ஒரே கேள்வியத் திரும்பத் திரும்பக் கேக்குறா. பதில் மறந்துபோச்சா? இல்ல, அதே பதில் அதே மாதிரி வேணுமா?"

நான் அவளுடைய நான்கு கேள்விகளை நினைத்துக்கொண்டேன்.

"மாத்திரை கவனத்துக்குத்தான். ஆட்டிசத்துக்கு இது மருந்தில்ல. ஆனா ஓட்டம் அடங்கினா, அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு நமக்குத் தெரியும். முக்கியமா ஞாயித்துக்கிழமை பாருங்க. பள்ளிக்கூடச் சத்தம் இருக்காது, வீட்டு ஆளுங்க மட்டும்தான். மாத்திரையும் போட்டிருப்பா. அன்னிக்கு அவ எப்படி இருக்கான்னு பாத்தது பாத்தபடி எழுதுங்க."

எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் பச்சை மையில் குறித்துக்கொண்டார். மாத்திரை காலையில் ஒன்று. சாயங்காலம் வரை வேலை செய்யும்.

வேலை செய்தது. இரண்டாவது நாளே ஆசிரியை போன் செய்தார். பாப்பா முழுசாக ஒரு பாடம் உட்கார்ந்திருந்தாளாம். முதல் வாரத்தில் ரப்பர் தொலையவில்லை. கையெழுத்து கோட்டுக்குள் வந்தது. மனைவி அந்த நோட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சமையலறையில் நின்று அழுதாள். சந்தோஷ அழுகைதான். நானும் சந்தோஷப்பட்டேன். பொய்யில்லை.

ஆனால் மாத்திரை தொடங்கிய அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு பத்துக்கு இரண்டாவது மாடித் திருப்பத்தில் கால் வைத்தேன். மேலே கதவு திறக்கவில்லை. நானே போய்த் திறந்தேன். மேசையில் என் பழைய வேலைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். செருப்பைக் கழற்ற எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். அவள் நிமிரவில்லை.

செவ்வாயும் அப்படித்தான். புதனும். 'மாலை: கட்டம் வரைந்தாள், பேசவில்லை' என்று தாளில் எழுதினேன். அடுத்த நாள் அதையே எழுதினேன்.

"பம்பரம் நின்னுடுச்சே, தாழ்வாரமே வெறிச்சுன்னு கிடக்கு" என்றார், பள்ளி விட்டு நாங்கள் வரும்வரை அவள்மேல் ஒரு கண் வைத்திருக்கும் எதிர்வீட்டுக்காரர். அவருக்கு அது நிம்மதி. எனக்கு வயிற்றில் அந்த இடம் ஜில்லென்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் மனைவிக்கு வேலை உண்டு. முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளர். காலை ஏழுக்குப் போனால் சாயங்காலம் ஏழரைக்குத்தான் படியேறி வருவாள், இருமிக்கொண்டே. படியில் தூசி அதிகம் என்று நான் நினைத்துக்கொள்வேன். மற்ற நாட்களில் மாத்திரை கொடுப்பது அவள். ஞாயிறு மட்டும் நான்.

முதல் ஞாயிறு மாத்திரையைக் கையில் எடுத்தேன். தண்ணீரும் எடுத்தேன். பாப்பா தூக்கக் கலக்கத்தோடு வாயைத் திறந்தாள். ஒரே ஒரு நாள் என்று நினைத்தேன். ஒரே ஒரு முட்டு. மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "சரி, போய்ப் பல் தேய்" என்றேன்.

பத்து மணிக்கெல்லாம் வீடு பழைய வீடாகிவிட்டது. சோபாவிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து கட்டில். நான் செய்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டேன். மூன்று மாடியும் இறங்கி, தெருக்கோடி வரை போய்த் திரும்பி, முதல் மாடியில் சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் போலவே பூட்ஸ் சத்தத்தோடு ஏறினேன்.

கதவு படாரென்று திறந்தது. தடதடவென்று ஓட்டம். முட்டு.

"எத்தனை லிஃப்ட்?"

"ஏழு" என்றேன்.

அந்த மாத்திரையை என் கருவிப்பெட்டியில், சின்னத் திருகாணிகள் போட்டு வைக்கும் தகர டப்பாவில் வைத்தேன். ஃப்ரிட்ஜ் கதவில் ஞாயிற்றுக் கட்டத்தில் குறி போட்டேன். கீழே, 'அப்பாவைப் பார்த்ததும் ஓடி வந்தாள். தானாகப் பேசினாள். சிரித்தாள்' என்று எழுதினேன். அந்த வரிகளில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. மேலே இருந்த குறிதான் பொய். நான்காவது வாரம் முடியும்போது டப்பாவில் நான்கு மாத்திரைகள் இருந்தன.

இதற்கு நடுவில் ஒரு நாள் வேலையில் நடந்ததையும் சொல்லவேண்டும். ஒரு பதினொரு மாடிக் கட்டடத்தில் மாதாந்திரச் சோதனை. நான் கீழே குழியில், மச்சான் மேலே மோட்டார் அறையில். முடித்து வண்டியில் ஏறியபோது சோதனைத் தாளைப் பார்த்தேன். பிரேக் கட்டத்தில் குறி இருந்தது. அவன் பிரேக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் கீழே எனக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கும். கேட்கவில்லை.

"பிரேக் பாத்தியா?"

"போன மாசம் நல்லா இருந்துச்சு மாமா."

"போன மாசத்த யாரு கேட்டா? இந்தக் குறிய நம்பி நாளைக்கு ஆளு ஏறுவாண்டா. பாக்காம டிக் போடுறதுக்கு நீ எதுக்கு, ஒரு பேனா போதுமே!"

அவன் மறுபேச்சில்லாமல் இறங்கி மறுபடி மேலே போனான். திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்தபிறகுதான் வாய் திறந்தான்: "அக்கா குடுத்துவச்சவ. உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல கூட ஒரு கட்டம் தப்பாது." கேலியாகத்தான் சொன்னான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான்கு வாரம் முடிந்து டாக்டரிடம் போனோம். தாளை மேசையில் விரித்து, ஞாயிறு வரிசையைப் பச்சைப் பேனாவால் மேலிருந்து கீழே தொட்டுக்கொண்டே வந்தார்.

"மத்த நாள் அமைதி. ஞாயிறு நாலுலயும் மாத்திரை போட்டும் ஓட்டம், குதிப்பு. அம்மாவும் எழுதியிருக்காங்க, 'ஞாயிறு வந்து பார்த்தால் வீடு தலைகீழ்'னு. அப்போ அளவு போதல." பேனா கீழ் வரிக்கு நகர்ந்தது. "அதே நாள்ல தானா ஓடி வந்து பேசுறா, சிரிக்கிறா. எனக்கு ஆட்டிசம்னு இருந்த சந்தேகம் இதப் பாத்துக் கொஞ்சம் குறையுது. சரி, மாத்திரைய ஒரு படி ஏத்துவோம்."

பேசவேண்டிய இடம் அதுதான். மனைவி பக்கத்தில் இருந்தாள். அவள் முகத்தில் அந்த 'சந்தேகம் குறையுது' கேட்டு வந்த வெளிச்சம் இருந்தது. நான் கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். பச்சைப் பேனா புதிய அளவை எழுதி முடித்தது.

புதிய மாத்திரை தொடங்கிய இரண்டாவது நாளிலிருந்தே மதியச் சாப்பாட்டு டப்பா நிறைந்தபடியே திரும்பி வந்தது. விரல் நுனித் தோலைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டால் திரும்பினாள், ஆனால் அவள் கண் என்னிடம் வந்து சேர நேரமாயிற்று. ஐந்தாவது நாள் பகல் பதினொன்றரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன். மனைவி வேலையில் எடுக்கவில்லை. மச்சான் வண்டியை ஓட்டினான். வழியில் ஒரு கேலியும் சொல்லவில்லை.

வகுப்பறை காலியாக இருந்தது. தீ விபத்துப் பயிற்சிக்காக மணி அடித்து, எல்லோரையும் வரிசையாக மைதானத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். பாப்பா மட்டும் கடைசி மேசைக்கு அடியில், காதுகளைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மணி நின்று அரைமணி நேரம் ஆகியிருந்தது.

ஆசிரியை தாழ்ந்த குரலில் சொன்னார்: "முன்னாடின்னா மணி அடிச்ச உடனே வெளிய ஓடிடுவா. விளையாட்டுத்தனம்னு நெனச்சுத் திட்டியிருக்கேன். இன்னிக்கு ஓடல. உள்ள போயிட்டா. தோளத் தொட்டாலே கத்துறா. சத்தம் தாங்காமதான் இத்தன நாளும் ஓடியிருக்கான்னு இப்பதான் எனக்குப் புரியுது சார்."

நான் மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தொடவில்லை. குழிக்குள் இறங்கிப் பழகிய உடம்பு. எவ்வளவு நேரமானாலும் உட்காரும். கொஞ்ச நேரத்தில் ஒரு கை காதிலிருந்து இறங்கியது.

"மணி திரும்ப அடிக்குமா?"

"அடிக்காது. இன்னிக்கு முடிஞ்சிடுச்சு."

"நாளைக்கு?"

"டீச்சர்கிட்ட கேட்டு, முன்னாடியே உனக்குச் சொல்லச் சொல்றேன்."

இன்னொரு கையும் இறங்கியது. கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். ஐந்து வாரமாக வாயில் வைத்திருந்த கேள்வி.

"பாப்பா, சாயங்காலம் அப்பா வந்தா முட்ட வருவியே. இப்போ ஏன் வர்றதில்ல?"

அவள் மேசையின் காலைப் பார்த்துக்கொண்டு, ரொம்ப யோசித்துச் சொன்னாள்: "முன்னாடி படியில சத்தம் கேட்டா கால் ஓடிரும். இப்போ ஓடல."

"அப்பாவப் பாக்கணும்னு இல்லையா?"

"பாக்கணும். அதுக்கு எதுக்கு ஓடணும்?"

அவளே தொடர்ந்தாள். குரலில் கோபம் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை நீ வேலைக்குப் போகல. சும்மா கீழ போயிட்டு வந்த. நான் ஜன்னல்ல பாத்தேன். எத்தனைன்னு கேட்டா ஏழுங்கிற. நாலு ஞாயித்துக்கிழமையும் ஏழு. பொய்."

"ஆமா" என்றேன். "பொய்தான்."

"மத்த நாள் நெஜமா போற. அன்னிக்கெல்லாம் கட்டத்துல எழுதவே மாட்டேங்குற."

"எந்தக் கட்டத்துல?"

அப்பாக்களின் மண்டை எவ்வளவு கனம் என்று அளப்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஐந்து வாரத்தில் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்ததும் மேசை இழுப்பறையிலிருந்து தாள்களை எடுத்து வரிசையாகப் பரப்பினாள். என் வேலைச் சீட்டுகளின் பின்பக்கம். ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த தாளைப் பார்த்து அப்படியே போட்ட கட்டங்கள். மேலே கிழமைகள். முதல் வரிசைக்கு 'அப்பா லிஃப்ட்' என்று பெயர். திங்கள் காலி. செவ்வாய் காலி. எல்லாக் கட்டமும் காலி, ஞாயிறுகளில் மட்டும் 7 என்று எழுதிக் குறுக்கே அடித்திருந்தது. அடுத்த வரிசையின் தலைப்பில் 'அம்மா' என்று மட்டும் இருந்தது. அதில் முந்தைய நாள்வரை எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. முதல் வாரம் 4, 4, 3, 4, 4, 4, 5.

"சொல்லியிருக்கலாமே பாப்பா, எழுதுன்னு?"

"கட்டம் இருக்கே" என்றாள். காலிக் கட்டத்தைவிடத் தெளிவாக ஒரு ஆள் எப்படிக் கேட்க முடியும் என்பதுபோல.

"அம்மாவுக்கு என்ன இது, நாலு நாலுன்னு?"

அதற்குள் அவள் வேறு தாளுக்குப் போய்விட்டாள்.

நான் வாசலில் நின்று அவள் நிமிர்வதற்காகக் காத்திருந்த அத்தனை சாயங்காலமும், அவள் அங்கே உட்கார்ந்து நான் வந்து எழுதுவதற்காகக் காத்திருந்திருக்கிறாள். நடுவில் ஆறடி தூரம்.

மனைவி வந்ததும் கருவிப்பெட்டியிலிருந்து தகர டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்துத் திறந்தேன். நான்கு மாத்திரைகளையும் பார்த்தாள். முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் பெரிய மாத்திரை..."

"என்னாலதான்."

"பிள்ளை நாலு நாளா சாப்பிடல. நான் உங்ககிட்டயே புலம்பினேன். நீங்களும் 'ம்'னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

"அவ ஓடி வர்றத ஒரே ஒரு தடவை..."

"ஏங்க, ஏக்கம் உங்களுக்கு மட்டும்தான் இருக்கா?" அவள் சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலாம். "உங்களுக்காவது ஓடி வந்தா. என்னப் பாத்து அவ ஒரு நாளும் ஓடி வந்ததில்ல, மாத்திரைக்கு முன்னாடியும் சரி, பின்னாடியும் சரி. நான் லேசா நடக்குறவ, படியில சத்தம் கேக்காதுன்னு, ரெண்டாவது மாடியிலிருந்து இருமிக்கிட்டே வருவேன். அம்மா வர்றான்னு தெரியட்டும்னு. ரெண்டு வருஷமா இருமுறேன்."

நான் எழுந்துபோய் மேசையிலிருந்த அந்த வாரத் தாளை எடுத்து வந்தேன். இரண்டாவது வரிசையில் விரலை வைத்தேன்.

"இன்னிக்கு எத்தனை தடவை இருமின?"

அவள் என்னை முறைத்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். 4, 4, 4, 5. அன்றைய கட்டத்தில் எண் ஏற்கெனவே எழுதியிருந்தது. பென்சில் கோடு இன்னும் பளபளத்தது. மூன்று.

"நாலாவது வரல" என்றாள் மனைவி மெதுவாக. "தண்ணி குடிச்சேன், அதனால."

அந்தத் தாளை அவள் நெடுநேரம் கீழே வைக்கவில்லை.

மறுநாளே இருவரும் லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போனோம். டப்பா, ஃப்ரிட்ஜ் தாள், பாப்பாவின் தாள், மூன்றையும் மேசையில் வைத்து, நடந்ததை முதலிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். முடித்ததும் டாக்டர் பேனாவை மூடினார்.

"ஞாயித்துக்கிழமை விடலாமான்னு நீங்க கேட்டிருந்தா, விடுங்கன்னே சொல்லியிருப்பேன். சில பிள்ளைங்களுக்கு விடுறதுண்டு. விட்டது பெரிசில்லப்பா. குறி போட்டீங்களே, அதுதான். நான் உங்க பொண்ணப் பாத்து அளவ ஏத்தல. உங்க பேனாவப் பாத்து ஏத்தினேன்."

மச்சானிடம் நான் வண்டியில் கத்திய வார்த்தைகள் எனக்கே திரும்பி வந்தன. தலையை ஆட்டினேன்.

பாப்பாவின் தாளை அவர் வெகுநேரம் பார்த்தார். மேசைக்கடியில் நடந்ததை இரண்டாவது தடவை சொல்லச்சொன்னார். பழைய அளவுக்கே இறக்கினார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம்: மணி அடிக்கும் முன் சொல்லவேண்டும், வரிசையில் கடைசியில் நிறுத்தவேண்டும், தொடுவதற்கு முன் கேட்கவேண்டும்.

"அப்போ ரெண்டும் இருக்கா டாக்டர்?" என்றாள் மனைவி.

"இருக்குன்னுதான் எனக்குத் தோணுது. ஆனா இனி தோணுறத எழுத மாட்டேன். இன்னும் நாலு வாரம், நெஜமான நாலு வாரம் குடுங்க. ஆட்டிசத்துக்கான சோதனைய முறையா செஞ்சுட்டு எழுதுறேன்." பிறகு பாப்பாவின் தாளை எங்களிடம் தள்ளினார். "ஒரு பேரு எழுதுறதால அவ மாறிடப்போறதில்லம்மா. அவ எப்படிக் கூப்பிடுறான்னு நீங்க கத்துக்கிட்டா போதும்."

புதிய தாளை ஒட்டியிருக்கிறோம். இருபத்தெட்டுக் கட்டங்கள். இரண்டு வாரம் முடிந்திருக்கிறது. குறி போடுவது மனைவி. பாப்பா மாத்திரையை விழுங்குவதை நான் பார்த்துச் சொன்னபிறகுதான் போடுகிறாள்; ஞாயிறும், ஏழு மணிக்குக் கிளம்பும் முன். மதியச் சாப்பாட்டு டப்பா பாதியாவது காலியாகி வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்பா ஓடுவதில்லை. நானும் வேலைச் சட்டையைப் போடுவதில்லை.

சாயங்காலம் ஆறு பத்துக்கு நானே கதவைத் திறக்கிறேன். அவள் நிமிர்வதில்லை. ஆனால் தாள் மேசையின் இந்த ஓரத்துக்கு, என் பக்கமாக நகர்த்தப்பட்டிருக்கும், பென்சில் அதன்மேல் குறுக்காக. உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று ஆறு. ஏழாவது மாடியில் ஒன்று நின்றது என்று பக்கத்தில் சின்னதாக எழுதினேன். உள்ளே ஒருவர். அழவில்லை. அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துப் படித்தாள். 'அழவில்லை' என்பதன் கீழே ஒரு கோடு போட்டாள். கொஞ்ச நேரத்தில் படியில் இருமல் கேட்டது. எங்கள் இரண்டு பேருடைய உதடும் சேர்ந்தே எண்ணியது.

இது போதும் என்று என்னால் எழுத முடியவில்லை. இருக்கிறது, அவ்வளவுதான். முதல் மாடி வந்ததும் இன்னமும் கை தானாக இடுப்புக்குப் போகிறது. சாவிக்கொத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் மேலே ஏறுகிறேன்.